மிளகாயும் அதனைக் காக்கும் முறையும்

நாம் நாள்தோறும் உண்ணும் பொருள்களுள் மிளகாயைப்போல இடைவிடாது பழகப்படுவதும், பழகிய அளவிற்கு ஆராயப்படாததுமாகிய பொருள் பிறிதொன்று இல்லை எனலாம். குழம்பிலும் கூட்டிலும் துவையலிலும் ஊறுகாயிலும் அஃது இல்லாத நாள் இல்லை. விடுதி உணவுச்சாலையில் தயிர்ச்சோறு பரிமாறுங்கால் பக்கத்தே ஒரு மோர் மிளகாய் வைக்கப்படின் மாணவர் முகம் மலர்கின்றது. வைக்கப்படாவிடின் முறையீடு எழுகின்றது. ஆயினும், அம்மிளகாய் மோரில் ஊறியது ஏன், உப்பிற் கிடந்தது ஏன், வெயிலிற் காய்ந்தது ஏன் என்று வினவுவார் மிகச் சிலரே.

மிளகாய் விளையுங்காலத்து அதனைச் சுவைத்தல், சுடுதல், காத்துவைத்தல் என்னும் மூன்றையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம். நம் வீடுகளில் வழங்கும் முறைகளில் உப்பு, புளி, மோர், எண்ணெய், வெயில் ஆகியவை சேர்வது நாவின் இன்பத்திற்காக மட்டுமே என்று பலர் கருதுகின்றனர். அவற்றுட் பெரும்பாலானவை காவலுக்கும் வைக்கப்பட்டவை. எந்தக் காவல் எதனைத் தடுக்கின்றது என்று அறியாது ஒன்றை நீக்குவோர், பண்டத்தை இழத்தலேயன்றிச் சிற்சில சமயங்களில் உயிருக்கும் ஊறு தேடிக்கொள்வர். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் வரவும்

மிளகாய் நம் நாட்டிற்கு உரிய பயிர் அன்று. அதன் தாயகம் அமெரிக்காக் கண்டம். மெக்ஸிகோ முதலிய நாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பயிரிட்டு வந்தனர். 1492-ஆம் ஆண்டில், மிளகு முதலிய சரக்குகள் விளையும் கீழ்நாடுகளை நாடி மேற்கே கப்பல் செலுத்திய கொலம்பஸ், கரீபியன் தீவுகளில் இறங்கினார். அங்கே அவர் தேடிய மிளகு கிடைக்கவில்லை. மிளகினும் உறைப்பு மிக்க ஒரு காய் கிடைத்தது. ஸ்பானிய மொழியில் மிளகிற்குப் ‘பிமியெந்தா’ என்று பெயர். புதிய காயோ அதனையொட்டிப் ‘பிமியெந்தோ’ எனப் பெயர் பெற்றது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1510-இல் போர்ச்சுகீசியர் கோவாவைக் கைப்பற்றினர். அவர்தம் கப்பல்களின் வழியாகவே பதினாறாம் நூற்றாண்டில் மிளகாய் நம் நாட்டிற் பரவியது என்பது வரலாற்று நூலார் கொள்கை.

ஸ்பானியர் செய்ததையே நம்மவரும் செய்தனர் என்பது கருதத்தக்கது. முன்பின் அறியாத ஒரு காய் கைக்கு வந்தபோது, அறிந்த மிளகின் பெயரோடு ‘காய்’ என்பதனைச் சேர்த்து ‘மிளகாய்’ என்றனர். கன்னடர் ‘மெணசு’ என்னும் மிளகின் பெயரிலிருந்து ‘மெணசினகாயி’ என்றனர். மலையாள நாட்டார் மிளகின் பெயராகிய ‘முளகு’ என்பதனையே இதற்கு இட்டு, பழைய மிளகைக் ‘குருமுளகு’ என வேறுபடுத்திக்கொண்டனர்.

அதற்கு முன் தமிழர் உணவிற்கு உறைப்புத் தந்தது மிளகே. ‘கறி’ என்பது மிளகின் பழம்பெயர்களுள் ஒன்று. பழைய முறை வழுவாத சிராத்த உணவிலும், கோயில் மடைப்பள்ளிகள் பலவற்றிலும் மிளகாயை விலக்கி மிளகையே இடும் வழக்கம், மிளகாய் பின்வந்த பொருள் என்பதற்கு இன்றும் சான்றாக நிற்கின்றது. பின்வந்த பொருள் முன்னிருந்ததை வென்றது எவ்வாறெனின், மிளகுக்கொடி மழை மிக்க மலைச்சாரலும் நிழலும் வேண்டுவது. படர்ந்து காய்க்கச் சில ஆண்டுகள் செல்லும். மிளகாயோ சமவெளியிலும், வீட்டின் புறக்கடையிலும், உடைந்த பானையிலுங்கூட வளர்ந்து சில மாதங்களிற் காய்ப்பது. விலை கொடுத்து மிளகு வாங்க இயலாத எளியவர் வீட்டிலும் உறைப்பு உண்டாயிற்று. கஞ்சிக்கும் பழைய சோற்றிற்கும் அதுவே துணையாயிற்று.

காரத்தின் இருப்பிடம்

காரம் மிளகாயின் விதையில் உள்ளது என்பது பலர் எண்ணம். அஃது அவ்வாறன்று. காயைப் பிளந்து பார்ப்பின், நடுவே விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறமான மெல்லிய சதைப்பகுதி ஒன்று காணப்படும். காரப்பொருள் தோன்றுவது அங்கேயே. விதை அதனோடு ஒட்டியிருத்தலால் உறைக்கின்றது. ஆகவே உறைப்பைக் குறைக்க விரும்புவோர், விதையை மட்டும் உதறாது அவ்வெண்சதையையும் நீக்கல் வேண்டும்.

அப்பொருளை 1816-இல் புகோல்ஸ் என்னும் ஜெர்மானிய ரசாயன நூலார் தூய்மையற்ற நிலையிற் பிரித்தெடுத்தார். 1876-இல் ஆங்கிலேயராகிய திரெஷ் அதற்குக் ‘காப்சைசின்’ என்று பெயரிட்டார். 1919-இல் நெல்சன் என்பவர் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். இதனிடையே 1912-இல் அமெரிக்க மருந்து நூலாராகிய வில்பர் ஸ்கோவில் காரத்தை அளக்க ஒரு வழி வகுத்தார். மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரிற் சிறிது சிறிதாகக் கரைத்து, சுவைப்போர் நாவிற்கு உறைப்புத் தோன்றாதவரை நீர் கூட்டி, எத்துணை மடங்கு கூட்டப்பட்டது என்பதனைக் கணக்கிடுவதே அவ்வழி. இக்காலத்துக் கருவிகளால் அளக்கினும் அவர் பெயராலேயே அளவு வழங்குகின்றது.

காரம் என்பது உண்மையிற் சுவை அன்று; அது சூட்டின் உணர்ச்சி. நம் உடலின் நரம்புகளில், ஏறக்குறைய 43 பாகை சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூட்டை உணர்ந்து எச்சரிக்கும் வாயில் ஒன்று உண்டு. காப்சைசின் அவ்வாயிலைத் திறந்துவிடுகின்றது. நா வேகாதிருந்தும் வெந்ததாக மூளைக்குச் செய்தி செல்கின்றது. வியர்வையும் கண்ணீரும் பெருகுகின்றன. இவ்வாயிலை 1997-இல் கண்டறிந்த குழுவின் தலைவராகிய டேவிட் ஜூலியஸ், ஆர்டம் பட்டபூட்டியன் என்பாருடன் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றார். பறவைகளின் நரம்புவாயிலைக் காப்சைசின் திறப்பதில்லை. ஆதலாற் கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்றும் துன்புறுவதில்லை. பறவை விதையை மெல்லாது விழுங்கி வேறிடத்தில் இடுகின்றது. பாலூட்டிகளோ விதையை மென்று அழிக்கின்றன. செடி தனக்கு உதவுவாரை ஏற்று உதவாதாரை விலக்கும் திறம் வியக்கத்தக்கதன்றோ!

காப்சைசின் நீரிற் கரைவதில்லை. எண்ணெயிலும் கொழுப்பிலும் கரையும். ஆதலின் உறைப்பால் வருந்துவோன் செம்பு செம்பாக நீர் குடிப்பதனாற் பயனில்லை. பாலிலும் மோரிலும் உள்ள கேசின் என்னும் புரதம் அதனைப் பற்றிக்கொண்டு நாவினின்றும் நீக்குகின்றது. காரமான உணவிற்குப் பின் மோர்ச்சோறு உண்ணும் நம் வழக்கம் இக்காரணத்தாற் பொருத்தமுடையது. மிளகாய் பறிக்கும் மகளிரும், மிளகாய் அரியும் சமையலாளரும் கையெரிச்சல் தீர நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தடவிப் பின் சவர்க்காரம் இட்டுக் கழுவுவதற்கும் காரணம் இதுவே.

மற்றொன்றும் அறியத்தக்கது. பச்சை மிளகாயில் வைட்டமின் ‘சி’ மிகுதியாக உண்டு. ஹங்கேரி நாட்டுச் செகெத் நகரத்தில் ஆராய்ச்சி நிகழ்த்திய ஆல்பர்ட் செயிண்ட்-ஜியார்ஜி, அந்நாட்டில் மலிந்து விளையும் மிளகாய் வகையிலிருந்தே அச்சத்தைப் பேரளவிற் பிரித்தெடுத்தார். 1937-இல் நோபல் பரிசும் பெற்றார். சூட்டாலும் வெயிலாலும் இச்சத்துப் பெரிதும் குறையும். எனவே, புதிதாய்ப் பறித்த காயைச் சிறிதளவு பச்சையாகவே மோரிலும் பச்சடியிலும் அரிந்திட்டு உண்பதற்கும் தனிப்பயன் உண்டு.

விளைவும் பறிப்பும்

தாம்பரத்திற்கும் செங்கற்பட்டிற்கும் இடையே, பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அடுத்தடுத்துச் செல்லும் இடத்தில் உள்ளது சிங்கப்பெருமாள் கோயில். குன்றைக் குடைந்து அமைத்த நரசிங்கர் கோயிலால் ஊருக்கு அப்பெயர் வந்தது. செங்கற்பட்டு நாடு ஏரிகளால் வாழும் நாடு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்ப, அந்நீரும் கிணற்று நீரும் கொண்டு நெல்லும் தோட்டப்பயிர்களும் விளைக்கப்படுகின்றன. அத்தோட்டப்பயிர்களுள் மிளகாயும் ஒன்று.

தமிழ்நாட்டில் மிளகாய் விதைப்பதற்கு ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர்-அக்டோபர் என மூன்று பருவங்கள் உண்டு. நாற்றங்காலில் 40 முதல் 45 நாள் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி நடுவர். நட்ட 75 நாளளவிற் பறிப்புத் தொடங்கும். முதலிரண்டு பறிப்புகளைப் பச்சைக் காயாகவும், பின்னையவற்றைச் சிவந்த பழமாகவும் எடுப்பது பொதுவழக்கு. கோவிற்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையினின்று கே-1, கே-2 என்னும் வகைகளும், கடலூரை அடுத்த பாலூர்ப் பண்ணையினின்று பி.எல்.ஆர்.-1 என்னும் வகையும் உழவர்க்குக் கிடைத்தன. இராமநாதபுரத்துக் குண்டு மிளகாயோ வானம் பார்த்த நிலத்தில் விளைந்து, பழுத்து உலர்ந்த நிலையிற் புகழ்பெற்றது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

பச்சைக் காய் நீர் மிக்கது, நெடுநாள் நில்லாது. ஒரே வாரத்தில் பல ஊர்த் தோட்டங்களினின்றும் காய் வந்து கோயம்பேட்டு மொத்தச் சந்தையிற் குவியுமாயின் விலை விழுகின்றது. அந்நாளில் விற்கும் விலை பறிகூலிக்கும் வண்டிக்கூலிக்கும் போதாது. உழவனுக்கு அப்பொழுது எஞ்சும் வழிகள் இரண்டே: காயைச் செடியிலேயே பழுக்கவிட்டு உலர்த்துதல் ஒன்று, பச்சைக் காயையே வேறொரு பண்டமாக மாற்றிக் காத்தல் மற்றொன்று. காக்கும் முறையை அறிந்தவனே இன்றைய வீழ்ந்த விலைக்கு அடிமையாகாது நாளைய விலைக்குக் காத்திருக்க வல்லவன். ஆகவே நாம் ஆராயும் பொருள் அடுக்களை அளவில் நின்றுவிடுவதன்று. உழவனின் ஆண்டு வருவாயையும் தொடுவது.

சுடுதல்

பச்சை மிளகாயை நெருப்பிற் சுட்டுக் காப்பதற்குப் பெயர்போன நாடு, அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய நியூ மெக்ஸிகோ. அங்கே ஹாட்ச் என்னும் சிற்றூரைச் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நீண்டு தடித்த பச்சை மிளகாய் மூட்டை மூட்டையாக விற்பனைக்கு வரும். கம்பி வலையாலான உருளைக்குள் காயைக் கொட்டிச் சுழற்றி, எரிவாயுச் சுடரால் வாட்டுவர். தோல் கருகி வெடிக்கும். சுட்ட காயைச் சூட்டோடே பையில் மூடிவைப்பின், உள்ளெழும் நீராவியால் தோல் கழன்றுவிடும். பின் தோலை உரித்துச் சிறு சிறு பைகளில் உறையவைத்து ஆண்டு முழுவதும் சமைப்பர். அந்நாட்டுச் சட்டசபை 1965-இல் மிளகாயையும் ஒருவகை அவரையையும் தம் நாட்டுக் காய்கறிகளாக அறிவித்தது எனின், அம்மக்களுக்கு அதன்பால் உள்ள பற்று விளங்கும்.

இக்காய் தானே அவ்வாறு அமைந்துவிடவில்லை. அந்நாட்டு விவசாயக் கல்லூரி ஆசிரியராகிய ஃபபியன் கார்சியா என்பார், தோல் எளிதில் உரியவும், சதை தடிக்கவும், காரம் மட்டாகவும், தோள்பகுதி சரிந்திருக்கவும் வேண்டுமென்று பல ஆண்டுகள் தேர்ந்து வளர்த்து, 1921-இல் ‘நியூ மெக்ஸிகோ 9’ என்னும் வகையை வெளியிட்டார். இன்று அங்கே வழங்கும் வகைகளுக்கு அதுவே மூலம். ஒரு கல்லூரித் தோட்டத்திற் பொறுமையோடு செய்த தேர்வு ஒரு நாட்டாரின் உணவையே உருவாக்கியது என்பது கல்லூரி மாணவர் நினைவிற் கொள்ளத்தக்கது.

நம் சம்பா மிளகாயை அவ்வாறு சுட்டு உரிக்க இயலுமா எனின், இயலாது. அதன் சதை மெல்லியது. தோல் கருகுமுன் சதையும் கருகிவிடும். ஆதலின் நம் நாட்டில் வேறு முறை தோன்றியது. அடுப்பின் தணலிலோ, சிறிது எண்ணெய் தடவிய தோசைக்கல்லிலோ காயை வாட்டி, மேலே புள்ளி புள்ளியாகக் கறுத்தவுடன் எடுத்து, உப்பும் புளியும் சின்ன வெங்காயமும் சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்குவர். கேழ்வரகுக் களிக்கும் கம்பங்கூழிற்கும் பழைய சோற்றிற்கும் இதனினும் சிறந்த துணை காண்டல் அரிது. இஃது அன்றன்று செய்து அன்றன்றே உண்ணத்தக்கது.

தடித்த சதையுடைய பஜ்ஜி மிளகாயை மட்டும் நியூ மெக்ஸிகோ முறையில் வாட்டலாம். முதலில் காயின் பக்கத்தில் ஒரு சிறு கீறல் இடுக. இல்லையேல் உள்ளே நீராவி பெருகி வெடிக்கும். சுடரின்மேல் இடுக்கியாற் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கருக்கி, பத்து நிமிஷம் மூடிய பாத்திரத்தில் வைத்து, விரலால் தோலை உரிக்க வேண்டும். நீரிற் கழுவினால் சுட்ட மணமும் சுவையும் கழிந்துவிடும். மிளகாய் சுடும்போது சன்னல்களைத் திறந்து வைத்தல் நலம். சூட்டில் எழும் நெடியிற் காப்சைசினும் கலந்திருத்தலால், அது தொண்டையிலும் மூக்கிலும் உள்ள நரம்புகளைத் தாக்கி இருமலையும் தும்மலையும் விளைக்கும்.

மோர் மிளகாய்

நியூ மெக்ஸிகோவார் நெருப்பையும் உறைபனிப் பெட்டியையும் நம்பியதுபோல, நம் நாட்டார் உப்பையும் மோரையும் வெயிலையும் நம்பினர். கோவளம் முதல் மரக்காணம் வரையுள்ள கடற்கரையில் உப்பு விளைவித்தல் பழந்தொழில். மாடு இல்லாத ஊர் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலோ சொல்லவேண்டியதில்லை. கையிலிருந்த இம்மூன்றையும் கொண்டு அமைத்ததே மோர் மிளகாய்.

அதனைச் செய்யும் முறை வருமாறு: அதிகக் காரமில்லாத, சதைப்பற்றுள்ள, பழுக்காத காய்களைத் தேர்ந்தெடுத்துக் கழுவி ஈரம் போக உலர்த்த வேண்டும். காம்பை முழுதும் கிள்ளாது சிறிது விட்டு, காயின் நடுவே ஊசியாலோ கத்தி முனையாலோ கீற வேண்டும். ஒரு கிலோ காய்க்கு ஏறக்குறைய 150 கிராம் கல்லுப்பும், காய் மூழ்கும் அளவு கெட்டியான புளித்த மோரும் சேர்த்துப் பீங்கான் சாடியிலோ மட்பாண்டத்திலோ இரவு முழுதும் ஊறவிட வேண்டும். மறுநாட் காலையிற் காயை வடித்தெடுத்துத் தட்டிலோ பாயிலோ பரப்பி வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் அம்மோரிலேயே இடவேண்டும். மூன்று நான்கு நாள் இவ்வாறு செய்யின் மோர் வற்றிக் காயிற் சேர்ந்துவிடும். அதன்பின் மோரில் இடாது, காய் ஒடித்தால் ஒடியும் பதம் வரும்வரை வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். வேண்டும்போது மிதமான சூடுள்ள எண்ணெயிற் பழுப்பேறி மொறுமொறுவென ஆகும்வரை வறுத்துக்கொள்ளலாம்.

இனி, இவற்றின் காரணங்களைக் காண்போம். கீறல் என்பது வாயில். மிளகாயின் மேற்றோல் மெழுகு பூசியதுபோல வழுவழுப்பானது. கீறாவிடின் உப்பும் மோரும் எளிதில் உட்புகா. உள்ளிருக்கும் நீரும் வெளிவராது. உப்பு, காயின் உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கின்றது. நீர் குறைந்த இடத்திற் பெரும்பாலான நுண்ணுயிர்கள் வளரா. மோரில் உள்ள லாக்டிக் அமிலம் புளிப்பூட்டி, அழுகலை விளைக்கும் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றது. மோரின் கேசின் காரப்பொருளைப் பற்றிக்கொண்டு உறைப்பைத் தணிக்கின்றது. இறுதியில் வெயில் எஞ்சிய நீரைப் போக்குகின்றது. பகலில் உலர்த்தி இரவில் ஊறவைப்பதன் பயன் யாதெனின், உலர்ந்து சுருங்கிய காய் பஞ்சுபோல மோரை உறிஞ்சும். ஒருமுறை மட்டும் ஊறவைப்பின் அத்துணைப் புளிப்பும் உப்பும் உட்செல்லா. உப்பு, புளிப்பு, உலர்ச்சி என்னும் மூன்று காவல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்றலால் ஒன்று தளரினும் மற்றவை காக்கின்றன.

மாமல்லபுரம் முதலிய கடற்கரை ஊர்களில் இதனைச் செய்வோர் ஒன்றனை நினைவிற் கொள்ளல் வேண்டும். பிற்பகலிற் கடற்காற்று ஈரத்தோடு வீசும். உப்பு ஏறிய காய் அவ்வீரத்தை விரைவில் ஈர்த்துக்கொள்ளும். ஆகவே உலர்த்தும் நாள்களில் வெயில் சாயுமுன் காயை வாரி உள்ளே வைத்தல் வேண்டும். முற்றும் உலர்ந்ததனைக் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் இட்டு, மழைக்காலத்தில் நமுத்தது தெரியின் உடனே மறு வெயில் காட்டல் வேண்டும். நமுத்த காயிற் பூஞ்சணம் பூக்குமாயின், அதனைத் துடைத்து மீண்டும் காயவைத்து உண்ணுதல் தகாது, எறிந்துவிடுவதே தக்கது.

புளியும் எண்ணெயும்

பச்சை மிளகாயை நல்லெண்ணெயில் வதக்கி, புளியும் உப்பும் வெல்லமும் சேர்த்துச் சுருளக் காய்ச்சும் தொக்கும், எலுமிச்சஞ்சாற்றில் ஊறவைக்கும் ஊறுகாயும் நாம் அறிந்தவை. இவற்றில் எண்ணெயே பண்டத்தைக் காக்கின்றது என்று பலர் எண்ணி, புளியையும் உப்பையும் குறைத்து எண்ணெயை மட்டும் மிதக்கவிடுகின்றனர். இவ்வெண்ணம் ஆபத்தானது.

எண்ணெய் காற்றைத் தடுக்கின்றது. அதனாற் பூஞ்சணம் வளராது. ஆனால், காற்று இல்லாத இடத்திலேயே வளரும் கொடிய நுண்ணுயிர் ஒன்று உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்பது அதன் பெயர். மண்ணில் வாழும் அதன் வித்துகள் காய்கறிகளில் ஒட்டி வரும். கொதிநீரின் சூட்டிலும் அவ்வித்துகள் எளிதில் மடிவதில்லை. புளிப்புக் குறைந்ததும் ஈரமுள்ளதும் காற்றில்லாததுமான இடத்தில், அறைச் சூட்டில் அவை முளைத்து நஞ்சு கக்கும். அந்நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையும் நிறுத்தவல்லது. உணவின் மணத்தாலோ நிறத்தாலோ அதனை அறிந்துவிடலாம் என்று நம்புதல் கூடாது. 1977-இல் அமெரிக்க நாட்டு மிச்சிகனைச் சேர்ந்த பாண்டியாக் நகரத்தில், போதிய சூடு கொடாது வீட்டு முறையில் அடைத்துவைத்த மிளகாயை உணவகமொன்றில் உண்ட 59 பேர் இந்நோய்க்கு ஆளாயினர்.

இந்நுண்ணுயிரைத் தடுப்பது புளிப்பே. புளிப்பை அளக்கும் ‘பி.எச்.’ என்னும் அளவு 4.6-க்குக் கீழ் இருப்பின் அவ்வித்துகள் முளைத்து நஞ்சு கக்க இயலாது. பச்சை மிளகாயின் இயற்கைப் புளிப்பு அதற்குப் போதாது. புளியும் எலுமிச்சஞ்சாறும் காடியும் சேரும்போதே பண்டம் அந்த எல்லைக்குள் வருகின்றது. எனவே தொக்கில் நிறையப் புளி விடுவது நாவிற்கு மட்டுமன்றி உயிருக்கும் காவல். சுட்டு உரித்த பஜ்ஜி மிளகாயை எண்ணெயில் மூழ்கவைத்து அலமாரியில் வைத்தல் ஒருபோதும் ஆகாது. அதனைக் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் உண்ணுதல் வேண்டும். நெடுநாள் வைக்க விரும்பின், 18 பாகை சுழியத்திற்குக் கீழுள்ள உறைபனியில் வைத்தல் வேண்டும். உறைந்த மிளகாய் உருகும்போது குழைந்துபோகும். ஆயினும் குழம்பிற்கும் துவையலுக்கும் அது குறையன்று.

பழுத்த மிளகாயை உலர்த்தல்

பச்சையாக விலைபோகாத காய் செடியிற் பழுத்தபின் உலர்த்தப்படுகின்றது. இங்கே காக்க வேண்டிய பகை வேறு. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாது மடிந்தன. ஆராய்ந்தபோது, அவற்றிற்கு இட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கிற் படிந்த ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனத் தெரிந்தது. அதற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் விளைக்கவல்லது. அரைகுறையாக உலர்ந்த மிளகாயிலும் அப்பூஞ்சணம் வளரும். மிளகாயை அரைத்துத் தூளாக்கியபின் நஞ்சைக் கண்ணாற் காணவியலாது. வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அது முற்றும் அழிவதில்லை.

ஆகவே பழத்தைக் குவியலாகக் கிடத்தாது, மெல்லியதாகப் பரப்பி, நாள்தோறும் கிளறி, விரைவில் உலர்த்தல் வேண்டும். ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்களவிற் குறைதல் வேண்டும். கருவி இல்லாதார், காயைக் காதருகே குலுக்க உள்ளே விதை கலகலவென ஒலிப்பதையும், தோல் கையில் நொறுங்குவதையும் அடையாளமாகக் கொள்ளலாம். வெறுந்தரையிலும் சாலையோரத்திலும் உலர்த்துவதால் மண்ணும் புழுதியும் ஏறும். இரவுப் பனியில் மீண்டும் ஈரம் சேரும். தூய தார்ப்பாயில் உலர்த்தி மாலையில் மூடிவைத்தல் சிறிது உழைப்பே, பயனோ பெரிது. உலர்ந்த மூட்டைகளைத் தரையிற் படாது பலகைமேல், சுவரினின்றும் விலக்கி, வெளிச்சம் குறைந்த இடத்தில் அடுக்கவேண்டும். சொத்தைக் காயும் வெண்ணிறம் பாய்ந்த காயும் ஒன்று கிடப்பினும் நீக்கிவிடல் வேண்டும்.

சில நாள் வரை பச்சையாகவே வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கும் ஒரு சொல். பயன்படுத்தும் பொழுதன்றிக் காயைக் கழுவுதல் கூடாது. வீட்டிற்கு வாங்கியதைக் காம்பு நீக்கி, ஈரமில்லாத துணியிலோ தாளிலோ சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைப்பின் பத்து நாளேனும் கெடாதிருக்கும். அழுகிய காய் ஒன்று கண்டவுடன் எடுத்துவிட வேண்டும். மிளகாய் வெப்பநாட்டுப் பயிராதலின் மிகுந்த குளிரையும் பொறாது. வணிகர் பெருமளவில் வைக்கும்போது ஏறக்குறைய 7 முதல் 10 பாகை வரையுள்ள குளிர்ச்சியே ஏற்றது என்பர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மிளகாயைக் காக்கும் முறை நாட்டிற்கு நாடு வேறுபடினும் அதன் அடிப்படை ஒன்றே என்பது புலனாகும். காயின் சதை தடிப்பா மெலிவா, பருவம் வெயிலா குளிரா, கைக்கெட்டும் பொருள் யாது என்பவற்றிற்கேற்ப முறை அமைகின்றது. நெருப்பு மணம் தருகின்றது. உப்பு நீரை இழுக்கின்றது. மோர் புளிப்பூட்டி உறைப்பைத் தணிக்கின்றது. புளி நஞ்சைத் தடுக்கின்றது. வெயில் ஈரத்தை ஓட்டுகின்றது. இவற்றின் தொழிலை அறிந்தோர் முறையைத் தம் வசதிக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். அறியாதோர் திருத்தின் கேடு விளையும். இரத்த அழுத்தம் கருதி உப்பைக் குறைப்போர் இக்காலத்துப் பலர். அது நன்றே. உப்பைக் குறைத்தவர் உலர்ச்சியையேனும் குளிர்ச்சியையேனும் கூட்டல் வேண்டும்.

சிங்கப்பெருமாள் கோயிலைச் சூழ்ந்த வட்டாரத்தில், மறைமலைநகர் முதலாகத் தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகிவர, விளைநிலம் சுருங்கி வருகின்றது. எஞ்சிய நிலத்தில் உழுவோர், விளைந்ததில் ஒரு பங்கேனும் விலை வீழ்ச்சிக்குப் பலியாகாது காப்பாற்றிக்கொள்வாராயின், அவர்க்கு நிலத்தைக் கைவிடாதிருக்க ஒரு காரணம் உண்டாகும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. தூய தார்ப்பாயும், மூடியுள்ள சாடிகளும், புளிப்பை அளக்கும் சிறுதாளும், பதம் தெரிந்த மகளிர் சிலரும் போதும்.

மாணவ நண்பர்களே! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் உங்கள் பாட்டியாரையும் தாயாரையும் அணுகி, அவர்கள் மோர் மிளகாய் இடும் அளவையும் பதத்தையும் நாளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ரசாயனம் பயில்வோர் அதன் புளிப்பையும் ஈரத்தையும் அளந்து பாருங்கள். தாவர நூல் பயில்வோர் உங்கள் ஊர்த் தோட்டத்து வகைகளைத் தொகுத்து, எது சுடத் தகும், எது உலர்த்தத் தகும் என்று குறித்து வையுங்கள். கைப்பழக்கமாக மட்டும் இருந்துவந்த அறிவு, காரணத்தோடு எழுதப்படின் பிறர்க்கும் பயன்படும். அத்தகைய குறிப்புகள் நம் கல்லூரிக்கும், அதனைச் சூழ்ந்த ஊர்களின் உழவர்க்கும் உதவும் என்பது திண்ணம்.